பாதுகாக்கப்பட்ட ஒழுகல்

குழாய்க்காரருக்குச் சந்தேகம் வந்தது ‘ஐயா’ என்ற ஒரே ஒரு சொல்லால்தான். முப்பத்திரண்டு வருஷமாக ஊரில் இருக்கும் அத்தனை அலுவலகங்களின் கழிப்பறைக் குழாய்களையும் அவர்தான் ரிப்பேர் பார்க்கிறார். அங்கெல்லாம் அவரை ‘ஏம்பா’ என்பார்கள், ‘இந்தாப்பா’ என்பார்கள், அவசரம் முற்றிப்போனால் ‘யோவ்’ என்பார்கள். அப்படியிருக்க, அரசாங்கச் சம்பளம் வாங்கும் ஒரு மனிதர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, “ஐயா வீட்ல இருக்காங்களா?” என்று கேட்டால், வீட்டிலிருந்து ஏதோ ஒன்று பறிபோகப் போகிறது என்று அவர் முடிவு கட்டியதில் என்ன தப்பு?

வந்தவர் தலைவர் வாழ்வுத்தடப் பாதுகாப்புத் துறையின் கள அலுவலர். கையில் ஒரு கோப்பு, கக்கத்தில் ஒரு குடை, முகத்தில் துக்கம் விசாரிக்க வந்தவரின் பணிவு.

“இந்த வீடு யாரோடது ஐயா?”

“என் சம்சாரத்தோட தாத்தா கட்டினது. பத்திரம் எல்லாம் சரியா இருக்கு.”

“பத்திரத்தை நான் கேக்கலையே.”

“கேக்கறதுக்கு முன்னாடி சொல்லி வைக்கிறேன்.”

அடுப்படியிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். கையில் இருந்த கரண்டியைக் கீழே வைக்கவில்லை. அலுவலகத்து ஆட்களைப் பற்றி அவளுடைய அபிப்பிராயம் புருஷனுடையதை விட ஒரு படி மேலே.

கள அலுவலர் விஷயத்துக்கு வந்தார். நாட்டுக்கு விடுதலை வாங்கித் தந்த தலைவர், தலைவராவதற்கு முன்பு, இந்த ஊரில் ஒரு அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டு பதினோரு மாதம் ஒரு மாடி அறையில் குடியிருந்தார். அது எந்த வீட்டு மாடி என்று துறை பதினாறு வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தது. பழைய தபால் பட்டியல் ஒன்று இப்போது காட்டிக் கொடுத்துவிட்டது.

“எங்க துறையில தலைவரோட இடங்களை மூணு வகையாப் பிரிச்சிருக்கோம் ஐயா. நின்ற வகை, அமர்ந்த வகை, படுத்த வகை. இந்த ஊர்ல நின்ற வகை நாப்பத்தொண்ணு இருக்கு. அமர்ந்த வகை பத்தொன்பது. படுத்த வகை ஒண்ணுகூட இல்ல. பக்கத்து ஊர்ல ரெண்டு வெச்சுக்கிட்டு எங்களை என்ன பேச்சுப் பேசறாங்க தெரியுமா? தலைவர் உங்க ஊர்ல கண்ணே மூடலையான்னு கேக்கறாங்க.”

பிறகு கோப்பைத் திறந்து, தலைவர் எழுதிய சுயசரிதையிலிருந்து நாலு வரி வாசித்தார். ‘அந்த மாடி அறையின் கூரை ஒழுகும். மழைத்துளி என் தலைமாட்டில் சொட்டும். ஒவ்வொரு சொட்டும் என்னைத் தட்டி எழுப்பியது. இந்த நாட்டுக்காக எழுந்து நிற்க வேண்டும் என்று அங்கேதான் முடிவு செய்தேன்.’ வாசித்து முடித்துக் கண்ணை மூடித் திறந்தார்.

“அந்த ஒழுகலைக் கொஞ்சம் பாக்கலாமா ஐயா?”

“அதை அடைச்சிட்டேனே” என்றார் குழாய்க்காரர்.

அடைத்ததற்கு நியாயமான காரணம் இருந்தது. அவருடைய ஒரே மகளுக்கு ஆறு வாரம் முன்கூட்டியே பிரசவமாகிவிட்டது. பெண் குழந்தை. ஒன்றரைக் கிலோ. குழாய்க்காரரின் பெரிய ரெஞ்சு அதைவிடக் கனம். ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். “ரெண்டு கிலோ வந்ததும் வீட்டுக்கு அனுப்பிடுவோம். ஆனா ஈரம் மட்டும் ஆகவே ஆகாது. சளி கட்டினா இந்த நெஞ்சு தாங்காது” என்று டாக்டர் சொல்லியிருந்தார். மருமகனுக்குத் தூர தேசத்தில் வேலை. மகள் வரவேண்டியது இங்கேதான், தங்கவேண்டியது மாடி அறையில்தான். அத்தனை வருஷமாகப் பழைய குழாய்த் துண்டுகளைப் போட்டு வைத்திருந்த அந்த அறையைக் காலி பண்ணி, வெள்ளையடித்து, கூரையில் ஓடு மாற்றி, தார்ச்சீலை ஒட்டி, ஒரு குடம் தண்ணீரை மேலே கொட்டிப் பார்த்து, ஒரு சொட்டுகூட உள்ளே வரவில்லை என்று கண்டதும் குழாய்க்காரர் கூரைமேலேயே உட்கார்ந்து சந்தோஷப்பட்டார். அது போன வியாழக்கிழமை.

கள அலுவலர் முகத்தில் பணிவு போய்விட்டது. ‘ஐயா’வும் கூடவே போய்விட்டது.

“எத்தனை மணிக்கு அடைச்சீங்க?”

“சாயங்காலம் நாலு இருக்கும்.”

“எதால?”

“தார்ச்சீலையால.”

“தனியாவா செஞ்சீங்க, கூட யாராவது இருந்தாங்களா?”

“ஏணியைப் பிடிச்சுக்க சம்சாரம் இருந்தா.”

கள அலுவலர் அடுப்படிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, ‘உடந்தை: ஒருவர்’ என்று எழுதிக்கொண்டார்.

விசாரணைக்கு மறுநாளே வரச்சொன்னார்கள். துறையின் அலுவலகம் ஒரு பழைய கட்டடம். அமர்ந்த வகையைச் சேர்ந்தது. தலைவர் ஒருமுறை அங்கே ஒரு நாற்காலியில் அமர்ந்தார் என்பது நிச்சயம், எந்த நாற்காலி என்பதுதான் நிச்சயமில்லை. ஆகவே எல்லா நாற்காலிகளுக்கும் குறுக்கே கயிறு கட்டியிருந்தார்கள். அறுபது ஊழியர்களும் இருபது வருஷமாக நின்றுகொண்டே வேலை பார்க்கிறார்கள். அவர்களில் பாதிப் பேருக்குக் கால் நரம்பு சுருண்டிருந்தது. குழாய்க்காரர் தெரியாத்தனமாகச் சன்னல் திட்டில் சாய்ந்தபோது நாலு பேர் ஒரே சமயத்தில் அதட்டினார்கள்.

இயக்குநர் பெரிய மேஜைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

“ஏன் அடைச்சீங்க?”

“தண்ணி வந்துச்சு சார்.”

“தண்ணி வருதுன்னு தெரிஞ்சேதான் அடைச்சீங்க, இல்லையா?”

“தெரிஞ்சாத்தானே சார் அடைக்க முடியும்.”

“எழுதிக்கோங்க” என்றார் இயக்குநர் பக்கத்தில் நின்றவரிடம். “தெரிஞ்சே செஞ்சிருக்கார். மூணு தலைமுறையா இந்தக் குடும்பம் கட்டிக் காத்த ஒழுகல் அது. இவர் கைக்கு வந்து ஒரே சாயங்காலத்துல போயிடுச்சு.”

“கட்டிக் காக்கல சார். சோம்பேறித்தனம். எனக்கு ஊர்க் குழாயை அடைக்கவே நேரம் சரியா இருந்துச்சு.”

இயக்குநர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். உணர்ச்சிவசப்படும்போது அவர் சன்னலைப் பார்ப்பது வழக்கமாம், கள அலுவலர் பிறகு சொன்னார்.

“நான் இந்தத் துறைக்கு வந்து இருபத்தாறு வருஷமாச்சு. தலைவர் எழுதினதை ஒரு பக்கம் உக்காந்து படிக்க எனக்கு நேரம் கிடைச்சதில்ல. ஏன்? அவரைப் பாதுகாக்கறதுலயே பொழுது போயிடுது. என் வீட்லயும் கூரை ஒழுகிச்சு. உடனே ஆள் வெச்சு அடைச்சேன். ஏன்னா அது வெறும் ஒழுகல். ஒரு சாதாரண ஒழுகலுக்கும் சரித்திர ஒழுகலுக்கும் வித்தியாசம் தெரியாதவங்களாலதான் இந்த நாடு இப்படி இருக்கு.”

வாழ்வுத்தடத்தைச் சேதப்படுத்தினால் மூன்று வருஷம் உள்ளே தள்ளலாம் என்று சட்டப் புத்தகத்தைத் திறந்து காட்டினார்கள். ஒழுகலைப் பழையபடி மீட்டுக் கொடுத்துவிட்டால் மன்னிக்கலாம் என்று அதற்கு அடுத்த பக்கத்தைக் காட்டினார்கள்.  ஜெயிலுக்குப் போனால் கூரையையும் பார்க்க முடியாது, குழந்தையையும் பார்க்க முடியாது. எங்கே கையெழுத்து என்று கேட்டுப் போட்டுவிட்டு வந்தார்.

“படிச்சுப் பாத்தீங்களா?” என்றாள் மனைவி.

“நின்னுக்கிட்டே எப்படிப் படிக்கிறது? கால் வலி.”

“நீங்க கையெழுத்துப் போடற வேகத்துக்குக் குழாய் மாட்டியிருந்தா நாம இந்நேரம் நாலு வீடு கட்டியிருக்கலாம்” என்றாள் அவள்.

மூன்று நிபுணர்கள் வந்து இறங்கினார்கள். ஒருவர் கூரை நிபுணர், ஒருவர் நீர் நிபுணர். மூன்றாமவர் தலைமாட்டு நிபுணர். தலைவர் எந்த ஊரில் எந்தத் திசையில் தலை வைத்துப் படுத்தார் என்பதை மட்டுமே ஆராய்ந்து பெரிய பட்டம் வாங்கியவர். தார்ச்சீலையைப் பிய்த்துப்போட்டு, புது ஓடுகளை இறக்கிவிட்டு, குப்பையில் கிடந்த உடைந்த பழைய ஓடுகளைத் தேடி எடுத்து மேலே வைக்கச் சொன்னார்கள். அன்றைக்கு மழை இல்லை. தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றினார்கள். ஒரு இடத்தில் சொட்டிக்கொண்டிருந்த கூரை, இத்தனை பேர் ஏறி மிதித்ததில், மூன்று இடத்தில் சொட்டியது.

எது தலைவரின் ஒழுகல் என்பதில் தகராறு வந்துவிட்டது. கூரை நிபுணர் நடு ஒழுகல் என்றார். நீர் நிபுணர் சுவரோர ஒழுகலில்தான் பழைய காலத்துச் சுவை இருக்கிறது என்று நக்கிப் பார்த்துச் சொன்னார். தலைமாட்டு நிபுணர் மூன்று மூலையிலும் படுத்துப் பார்த்துவிட்டு, இரண்டும் இல்லை, கதவோரம் என்றார். மாலைக்குள் மூவரும் பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்டார்கள். வேறு வழியில்லாமல் இயக்குநர் மூன்று ஒழுகல்களையும் பாதுகாக்கப்பட்டவையாக அறிவித்தார்.

“ஒரு வாளியாவது கீழ வெச்சுக்கலாமா சார்? பலகைத் தரை. தண்ணி நேரா அடுப்படிக்கு இறங்குது” என்று கேட்டார் குழாய்க்காரர்.

“தலைவர் வாளி வெச்சதா எழுதலையே” என்றார் தலைமாட்டு நிபுணர்.

“எழுதலைன்னா வெக்கலைன்னு அர்த்தமா?”

நிபுணர் அவரை மேலும் கீழும் பார்த்தார். “தலைவர் நாட்டு மக்கள்கிட்ட எதையோ மறைச்சார்னு சொல்ல வர்றீங்களா?”

குழாய்க்காரர் ஏணியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார்.

மழை இல்லாத நாளில் பார்வையாளர்கள் ஏமாந்து போகக் கூடாது என்று அடுத்த உத்தரவு வந்தது. கூரைமேல் ஒரு தொட்டி, அதிலிருந்து மூன்று குழாய்கள், நிமிஷத்துக்கு இருபத்திரண்டு சொட்டு. ஊரில் உரிமம் வாங்கிய குழாய்க்காரர் இவர் ஒருவர்தான் என்பதால் அந்த வேலையும் இவர் தலையிலேயே விடிந்தது. அதோடு ‘ஒழுகல் பொறுப்பாளர்’ என்று சட்டையில் ஒரு வில்லை குத்திவிட்டார்கள். பொறுப்பாளர் வீட்டை விட்டு வேறெங்கும் குடிபோகக் கூடாது என்பது விதி.

தொட்டிக்கு வாஷர் போட்டுக்கொண்டிருந்தபோது அவருக்கு அழுகை வந்தது. வெட்கப்படாமல் கொஞ்ச நேரம் அழுதார். ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த மனைவி கீழேயிருந்து கேட்டாள்.

“குழந்தை எவ்வளவு இருக்காம்?”

“ஒண்ணே முக்கால். இன்னும் ரெண்டு வாரத்துல அனுப்பிடுவாங்களாம்.”

“ரெண்டு வாரத்துல மழைக்காலம் ஆரம்பிச்சிடும்.”

“தெரியும்.”

மனைவி ஏணியை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு, “எனக்கு அந்த நாலு வரி மேலயே சந்தேகமா இருக்குங்க” என்றாள். “தலைமாட்டுல தண்ணி சொட்டினா எந்த மனுஷன் நாட்டைப் பத்தி நினைப்பான்? வீட்டுக்காரனைப் பத்தித்தான் நினைப்பான். நல்லாத் திட்டியிருப்பார். எங்க தாத்தா வேற சாதாரணப்பட்ட ஆளா? எதுக்கெடுத்தாலும் நாளைக்குன்னு சொல்றவரு.”

ஏணியை விட்டுவிட்டு அவள் உள்ளே போனாள். குழாய்க்காரர் கூரையிலேயே மாட்டிக்கொண்டார். முக்கால் மணி நேரம் கழித்துத் தாத்தாவின் தகரப் பெட்டியைக் குடைந்து, ஒட்டடையும் தும்மலுமாக வெளியே வந்தாள். கையில் மஞ்சளேறிய ஒரு காகிதம்.

‘ஐயா, கூரை ஒழுகுவதைத் தங்களிடம் மூன்று முறை நேரில் சொல்லிவிட்டேன். மூன்று முறையும் நாளை என்றீர்கள். இரண்டு வாளி வைத்தும் போதவில்லை. எனக்கு இருமல் நிற்கவில்லை. இப்படி ஒழுகும் இடத்தில் இருந்துகொண்டு என்னால் எதையுமே யோசிக்க முடியவில்லை. மனிதர் குடியிருக்கும் இடம் நனையக் கூடாது. இந்த வாரத்துக்குள் அடைத்துத் தர வேண்டுகிறேன்.’ கீழே தலைவரின் கையெழுத்து. பள்ளிக்கூடச் சுவர்களில் எல்லாம் இருக்கிற, குழந்தைக்கும் தெரிந்த கையெழுத்து.

குழாய்க்காரருக்குத் தலைகால் புரியவில்லை. கூரையை அடைக்கச் சொல்லி அந்தத் தலைவரே எழுதியிருக்கிறார், இனி யார் என்ன சொல்ல முடியும்? காகிதத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு துறைக்கு ஓடினார். ஓடும்போதும் ஒரு சந்தேகம் அவரை விடவில்லை. இவ்வளவு சுலபமாக முடிகிற காரியம் எதையும் அவர் எந்த அலுவலகத்திலும் பார்த்ததில்லை.

முதல் இரண்டு நாள் அவரைப் போலிக் கடிதம் தயாரித்தவராக நடத்தினார்கள். அவருடைய பேனா, மனைவியின் பேனா, மளிகைச் சீட்டு எல்லாவற்றையும் எடுத்துப்போய்ச் சோதித்தார்கள். மூன்றாம் நாள் கடிதம் அசல் என்று முடிவு வந்தது. அறுபது ஊழியர்களும் எழுந்து நிற்க விரும்பினார்கள், ஏற்கெனவே நின்றுகொண்டிருந்ததால் முடியவில்லை. இயக்குநர் கடிதத்தை உரக்க வாசித்தார். ‘மனிதர் குடியிருக்கும் இடம் நனையக் கூடாது’ என்ற வரிக்கு வந்ததும் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“தலைவரோட முதல் கோரிக்கை” என்றார். “நாட்டுக்காக ஆயிரம் கோரிக்கை வெச்சவர், முதன்முதல்ல ஒரு கூரைக்காக வெச்சிருக்கார். என்ன மனுஷன்.”

“அப்ப அடைச்சிடலாமா சார்?” என்று கேட்டார் குழாய்க்காரர்.

இயக்குநர் திரும்பினார். “எதை?”

“கூரையை. அதைத்தானே சார் அவர் கேட்டிருக்கார்.”

“கொஞ்சம் யோசிச்சுப் பேசுங்க. அடைச்சிட்டா கோரிக்கை நிறைவேறிடும். நிறைவேறின கோரிக்கைக்கு யாராவது நினைவுச் சின்னம் வெப்பாங்களா? ஒழுகற இடத்துல நின்னு படிச்சாத்தான் இந்தக் கடிதம் நெஞ்சைத் தொடும். காய்ஞ்ச இடத்துல படிச்சா வெறும் புகார் மாதிரி இருக்கும்.”

“வாளியாவது? ரெண்டு வாளி வெச்சிருந்தேன்னு எழுதியிருக்காரே.”

“நல்லாக் கேட்டீங்க. அந்த ரெண்டு வாளியையும் தேடச் சொல்லி ஆள் அனுப்பியிருக்கேன். கிடைச்சதும் வெச்சிடுவோம். அதுவரைக்கும் வேற வாளி வெச்சா அது மோசடி.”

அடுத்து வந்ததுதான் பெரிய உத்தரவு. கடிதம் எழுதப்பட்ட அறையிலேயே கடிதம் வைக்கப்பட வேண்டும். ஆனால் கடிதம் நனையக் கூடாது. ஆகவே மாடி அறைக்கு நடுவில், ஒழுகும் கூரைக்குக் கீழே, ஒரு கண்ணாடி அறை. ஆள் உள்ளே நின்று துடைப்பதற்கு வசதியாக எட்டடி நீளம், ஆறடி அகலம். இரட்டைக் கூரை, ரப்பர் பட்டை வைத்த கதவு, வடிகட்டிய காற்று உள்ளே வர மேலே இரண்டு சன்னல், காகிதம் குளிராமல் இருக்க இளஞ்சூடு தரும் விளக்கு, ஈரம் ஏறினால் மணி அடிக்கும் கருவி. சாமான்கள் எல்லாம் தலைநகரிலிருந்து இரண்டே நாளில் வந்துவிட்டன. தண்ணீர் புகாமல் பொருத்திக் கொடுக்க வேண்டியது ஒழுகல் பொறுப்பாளர்.

குழாய்க்காரர் அதைப் பொருத்தினார். வேண்டா வெறுப்பாகத்தான் ஆரம்பித்தார். ஆனால் கை கேட்கவில்லை. முப்பத்திரண்டு வருஷத்துப் பழக்கம், ஒரு இணைப்பில் ஈரம் கசிந்தால் அவருக்குச் சோறு இறங்காது. ஒவ்வொரு மூலையையும் விரலால் தடவிப் பார்த்து, பட்டையை இழுத்து இழுத்துப் பொருத்தினார். முடிந்ததும் மனைவியை உள்ளே நிற்கவைத்து மேலே பத்துக் குடம் ஊற்றினார். அவள் தலைமயிர்கூட நனையவில்லை. இவ்வளவு நல்ல வேலை அவர் வாழ்நாளில் செய்ததில்லை, செய்தது ஒரு காகிதத்துக்கு.

திறப்பு விழாவன்று காலையிலேயே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. துறைக்கு ஏக மகிழ்ச்சி. வீட்டின் முன்னறை பதிவு மேஜைக்கும் செருப்பு வைக்கும் அலமாரிக்கும் போய்விட்டது. குடும்பத்துக்கு மிஞ்சியது அடுப்படி. இயக்குநர் மாடியில் குடை பிடித்துக்கொண்டு பேசினார். “இந்த ஒழுகலை அடைக்க எத்தனையோ சக்திகள் முயற்சி பண்ணிச்சு. அவங்க இந்த அறையிலயே இருக்காங்க. பேரைச் சொல்லி நான் புண்படுத்த விரும்பல. ஆனா ஒண்ணு சொல்றேன், நான் பதவியில இருக்கற வரைக்கும் இந்தக் கூரையில ஒரு சொட்டு குறைய விடமாட்டேன்.” எல்லோரும் கை தட்டிவிட்டு, நனைந்துகொண்டே கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்து, ‘மனிதர் குடியிருக்கும் இடம் நனையக் கூடாது’ என்பதைப் படித்து உருகிவிட்டுப் போனார்கள்.

சாயங்காலம் மகள் வந்து இறங்கினாள். ஆஸ்பத்திரியில் கட்டில் பற்றாக்குறை என்று நாலு நாள் முன்னதாகவே அனுப்பிவிட்டார்கள். கையில் துணிச்சுருளுக்குள் குழந்தை. வெளியே மழை பிடித்துக்கொண்டது. மாடியில் மூன்று ஒழுகல்களும் குழாய் இல்லாமலே கொட்டின. பலகை இடுக்கு வழியாக இறங்கி, அடுப்படியில் முப்பது இடத்தில் சொட்டியது. மகள் சுவரோரம் ஒதுங்கினாள், அங்கேயும் சொட்டியது. அலமாரிக்குப் பக்கம் போனாள், அங்கே செருப்புகளே மிதந்தன.

“எங்கப்பா படுக்க வைக்கிறது?” என்றாள். குழந்தை தும்மியது. ஒரே ஒரு சின்னத் தும்மல்.

மனைவி புருஷனைப் பார்த்தாள். புருஷன் இடுப்பில் தொங்கிய கண்ணாடி அறையின் சாவியைப் பார்த்தார். மகளையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு மாடி ஏறினார்கள்.

உள்ளே காய்ந்து கதகதப்பாக இருந்தது. ஒரு பாயும் இரண்டு போர்வையும் தாராளமாகக் கொண்டன. கடிதம் தன் பாட்டுக்கு ஒரு மூலையில் சட்டத்துக்குள் இருந்தது. குழாய்க்காரர் கதவைச் சாத்தி, மேலே காற்றுச் சன்னல்களைத் திறந்து, வெளியே நனைந்துகொண்டே நின்று ஈரமானியின் முள்ளைப் பார்த்தார். அசையவில்லை. அவருடைய வேலை, எப்படி அசையும்?

மறுநாள் காலை பத்து மணிக்குக் கள அலுவலர் ஓய்வுபெற்ற ஆசிரியைகள் இருபது பேரைக் கூட்டிக்கொண்டு மாடி ஏறினார். கண்ணாடிக்குள் மகள் அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். குழந்தை கையைக் காலை உதைத்துக்கொண்டு விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தது. கள அலுவலர் மனதுக்குள் கணக்குப் போட்டார். வெளியே துரத்தினால், உள்ளே எப்படி வந்தார்கள் என்ற கேள்வி வரும். பாதுகாப்புக்குக் கையெழுத்துப் போட்டவர் அவர்தான்.

“இது என்னங்க?” என்று கேட்டார் ஒரு ஆசிரியை.

“இது... தலைவரும் அவர் தாயாரும்” என்றார் கள அலுவலர். “தலைவரோட குழந்தைப் பருவம். மாதிரி வடிவம்.”

“மூச்சு விடுதே.”

“எங்க துறையில எல்லாமே தத்ரூபம்.”

ஆசிரியைகள் சொக்கிப் போனார்கள். இந்த நாட்டில் எத்தனையோ நினைவிடங்கள் பார்த்திருக்கிறோம், இப்படி உயிரோட்டமான ஒன்றைக் கண்டதில்லை என்று பார்வையாளர் ஏட்டில் முழுப் பக்கம் எழுதினார்கள். ஏடு இயக்குநரிடம் போனது. பாராட்டு எதற்கு என்று அவர் விசாரிக்கவில்லை, பாராட்டு என்பதே போதுமானதாக இருந்தது. காட்சிப் பொருள் பட்டியலில் எண் ஆறு தாய், எண் ஏழு சேய் என்று எடையோடு ஏற்றிக் கையெழுத்திட்டார். பட்டியலில் ஏறிய பொருளை எழுத்துமூல அனுமதி இல்லாமல் அறையை விட்டு அகற்றக் கூடாது.

மகள் முதலில் முகத்தைச் சுளித்தாள். “எல்லாரும் குறுகுறுன்னு பாக்கறாங்கப்பா” என்றாள். குழாய்க்காரர் ஒரு திரை கட்டி, பால் கொடுக்கும் நேரமெல்லாம் ‘பராமரிப்பு நடைபெறுகிறது’ என்று பலகை மாட்டினார். ஐந்து மணிக்குப் பார்வை நேரம் முடிந்ததும் மனைவியும் உள்ளே போய்ப் பேத்தியைக் கொஞ்சினாள். மழைக்காலம் பூராவும் அப்படியே கழிந்தது. ஊரெல்லாம் சளியும் இருமலுமாகக் கிடந்தது. தலைவர் எழுதிய காகிதத்துக்காகச் செய்த கூரைக்குக் கீழே குழந்தை கன்னம் வைத்தது, தொடை மடித்தது, ஒருநாள் தாத்தாவைப் பார்த்துக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து சிரித்தது. குழாய்க்காரர் அன்றைக்கு மூன்று ஒழுகலுக்கும் நடுவில் நின்றுகொண்டு, தான் நனைவது தெரியாமல் நனைந்தார்.

காலாண்டு சோதனைக்கு ஆட்கள் வந்தார்கள். யாரும் எதையும் சுரண்டி எடுத்துப் போய்விடக் கூடாது என்பதால் துறை தன் காட்சிப் பொருட்களை எல்லாம் தராசில் வைத்து எடை பார்ப்பது விதி. எண் ஒன்றிலிருந்து ஆறு வரை சரியாக இருந்தன. எண் ஏழில் தராசுக்காரர் இரண்டு தடவை முள்ளைத் தட்டிப் பார்த்தார். ஏட்டில் எழுதி, அடிக்கோடு போட்டுக்கொண்டு போனார். குழாய்க்காரருக்கு அந்த அடிக்கோடு பிடிக்கவில்லை.

அடுத்த வாரம் பதிவுத் தபாலில் உறை வந்தது. குழாய்க்காரர் பிரிக்காமல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார், பிறகு மனைவியிடம் கொடுத்தார். அவள் வாசித்தாள்.

‘காட்சிப் பொருள் எண் ஏழு, பட்டியலில் ஏற்றிய நாளில் ஒரு கிலோ தொள்ளாயிரத்து ஐம்பது கிராம். தற்போது நாலு கிலோ எழுநூறு கிராம். வாழ்வுத்தடப் பொருட்கள் யாவும் பொறுப்பேற்ற நிலையிலேயே பேணப்பட வேண்டும் என்பது தாங்கள் அறிந்ததே. தங்கள் பொறுப்பில் உள்ள பொருள், உரிய அனுமதியின்றி, இரண்டு கிலோ எழுநூற்று ஐம்பது கிராம் வளர்ந்திருப்பது ஏன் என்பதற்கு, ஏழு நாட்களுக்குள் எழுத்து மூலம் விளக்கம் தரவும்.’

வாசித்து முடித்ததும் மனைவி தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். அவள் பயந்துவிட்டாள் என்று குழாய்க்காரர் நினைத்தார். அவள் நிமிர்ந்தபோது அழுதுகொண்டே சிரித்துக்கொண்டிருந்தாள்.

“நாலு எழுநூறாங்க” என்றாள். “அரசாங்கமே எழுதிக் கொடுத்திருக்கு.”

அவர் அந்தக் காகிதத்தை வாங்கி, எண்ணை மட்டும் இரண்டு முறை தானே படித்தார். அப்புறம் அவசரப்படாமல் கையைத் துடைத்துக்கொண்டு, அடுப்படியில் சொட்டாத ஒரு ஓரமாகப் பார்த்துப் பலகை போட்டு உட்கார்ந்து, வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒரு அலுவலகத்துக்குச் சந்தோஷமாகப் பதில் எழுதினார்.

‘ஐயா, குழந்தை நனையவில்லை. அதனால் வளர்ந்துவிட்டது.’